கொட்டகை என்று சொன்னவன்

1

கும்பகோணத்திலிருந்து நடராஜன் அழைத்திருந்தான். நாங்கள் இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர்கள். நான் இங்கே வந்துவிட்டேன். அவன் அங்கேயே இருந்து, நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறான். ஊரில் ஒரு பழைய சத்திரத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறார்களாம். "உங்க மலேசியாவுல இதுக்கெல்லாம் சட்டம் இருக்காமே. நீ கட்டட வேலையில இருக்கறவன். அங்க பழசை எப்படிக் காப்பாத்தறாங்கன்னு எழுதிக் குடு, நம்ம ஆளுங்களுக்கு உறைக்கட்டும்" என்றான்.

ஆள் தெரியாமல் கேட்டுவிட்டான். உறைக்க வேண்டியது எனக்கு. ஆனால் கேட்டவன் பழைய நண்பன், மறுக்க முடியவில்லை. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

நாடு முழுவதற்கும் மரபுச் சின்னங்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பிறகு அனுமதியில்லாமல் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. சேர்ப்பதற்கு முன்னால் உடைமைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இது தவிர மாநகராட்சிக்கும் தனியாக விதிகள். கோலாலம்பூரின் சில பழைய தெருக்களில் கடைகளின் முகப்பை மாற்றக்கூடாது, இத்தனை மாடிக்கு மேல் எழுப்பக்கூடாது, நினைத்த வண்ணத்தை அடிக்கக்கூடாது. முகப்பு நின்றால் போதும் என்று முடிந்துபோகிற இடங்களும் உண்டு. அங்கே பின்னால் இருப்பதையெல்லாம் இடித்துவிட்டு உயரமாகக் கட்டிக்கொள்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்படி ஒரு வேலையில் நானும் இருந்தேன். இரும்புச் சட்டங்களால் முட்டுக்கொடுத்துப் பழைய சுவரை மட்டும் நிறுத்திவைத்திருந்தோம். மீசையை வைத்துக்கொண்டு முகத்தைச் சீவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த வழியாக பங்சாருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.

பட்டியலில் இல்லாத சாதாரணக் கட்டடத்துக்கும் ஒரு சின்னப் பாதுகாப்பு உண்டு. இடித்துக் கட்ட விண்ணப்பித்தால், சில இடங்களில் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கடிதம் போகும். அவர் ஆட்சேபித்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் அனுமதி. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு மனிதர் வாயைத் திறந்து "இது வேண்டும்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. "இது வேண்டாம்" என்று சொல்பவரையும் அதே மரியாதையோடு கேட்பார்கள். நான் இரண்டாவது வகை ஆள்.

2

கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் ரயில்வே குடியிருப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோவில். என் மனைவி வசந்தி பிறந்து வளர்ந்தது அந்தத் தெருவில். அவள் இந்த நாட்டுக்காரி. எனக்கு அவளால்தான் இங்கே வாழ்வு; விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கடைசியில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை வரைக்கும் வந்து நிற்கிறேன். எங்கள் மகள் தாரிணிக்குப் பிறந்தபோதே குடிமக்களுக்கான நீல அட்டை. வீட்டில் குடிமக்கள் இரண்டு பேர், விருந்தாளி ஒருவன் என்று வசந்தி கேலி செய்வாள்.

எங்கள் கல்யாணம் அந்தக் கோவில் மண்டபத்தில்தான் நடந்தது. மண்டபம் என்று இப்போது சொல்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியது. தூண்கள் செங்கால் என்கிற உள்ளூர் மரம், கரையான் தொடாது. உத்தரத்துக்குப் பதில் கழித்துப்போட்ட தண்டவாளங்கள். மேலே ஓடு. இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள், எல்லாம் பழைய ரயில் பெட்டியிலிருந்து கழற்றிய மரச் சட்டர்கள். கீழிருந்து மேலே தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா தாலி கட்டி முடிந்ததும் என் காதில், "என்னடா, அம்மன் எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், வசந்தி வீட்டார் முன்னால் எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. இவ்வளவுதானா இவர்கள் கோவில் என்று.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கும்பகோணத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு அது உண்டு. ஆயிரம் வருஷத்துக்குக் குறைந்த எதையும் பழசு என்று ஒத்துக்கொள்ள மாட்டோம். எங்கள் தெருமுனைக் கோவிலில் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருந்தது. நாங்கள் அதன் மேல்தான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடினோம். காப்பாற்றுவது பற்றி யாரும் எங்களிடம் கேட்டதில்லை. அதைக் காவலாளி பார்த்துக்கொண்டார். இங்கே வந்த பிறகு அந்தக் கோவில்களை எல்லாம் நானே கட்டின மாதிரி பேச ஆரம்பித்தேன். இங்குள்ளவர்களும் அதை நம்பினார்கள். பூச்சோங்கில் வீடுகளுக்குக் கழிவறை டைல்ஸ் ஒட்டி, கார் நிறுத்தக் கூரை போட்டுப் பிழைக்கிற குத்தகைக்காரன் நான். ஆனால் கோவிலுக்குள் நுழைந்தால் "கோயில் ஊர்க்காரர்". எதற்கும் என் யோசனை கேட்பார்கள்.

கும்பாபிஷேகத்துக்கான வருஷம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோவிலைப் புதுப்பிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். புதுப்பிப்பது என்றால் நம்மவர்களுக்குப் பழுது பார்ப்பது இல்லை. வசதி இருந்தால் இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது. அது சிக்கனமில்லாத பக்தி, குறை சொல்ல முடியாது. தலைவர் சுப்பையா அண்ணன் பக்கத்து ஊரான மேருவில் லோரி கம்பெனி வைத்திருக்கிறார், நல்ல மனசு. ராஜகோபுரம், கான்கிரீட் மண்டபம், தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் என்று திட்டம் போட்டார். திருப்பணிக் குழுவில் ஆலோசகர் நான்.

3

கோவிலை ஒட்டிய வீடு ஸ்டெல்லா அக்காவுடையது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். நகராட்சிக் கடிதம் அவருக்குப் போனது. ஆட்சேபித்து எழுதிவிட்டார். சுப்பையா அண்ணனுக்கு ஆத்திரம். "சர்ச்சுக்குப் போறவங்களுக்கு நம்ம கோயில்ல என்னா வேல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேசிப் பார்க்கிறேன் என்று நான் போனேன்.

ஸ்டெல்லா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கோபுரம் கட்டுங்க தம்பி, நான் வேணாங்கல. அந்த ஹால விட்டுட்டுக் கட்டுங்க. பின்னால எடம் இருக்கு இல்ல?"

"ஒழுகுதுக்கா."

"ஓடு மாத்துனா நின்னுறும். அந்த ஜன்னலெல்லாம் எங்க அப்பா மாட்டுனது. அவரு ரயில்வே ஒர்க்ஷாப்ல கார்பெண்டர். பெட்டிய கழிச்சுப் போடும்போது கேட்டு வாங்கிட்டு வந்தாரு. நாங்க ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போவோம், அது வேற. கோயில்ல பிள்ளைங்க வெக்கையில வேகுதுங்கன்னு சொல்லி மாட்டுனாரு. அந்தக் காலத்துல ஆளுங்க அப்பிடித்தான்."

"கோவில்னா கல்லுல இருக்கணும்க்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "கல்லுக்கு எங்க போவாங்க தம்பி, கூலிக்கு வந்தவங்க" என்றார்.

இதைக் கேட்ட பிறகும் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

4

விசாரணை மலாயில் நடக்கும். எனக்குத் தெரிந்தது பாசாரில் மீன் வாங்குகிற மலாய். ஆங்கிலமும் அதே தரம். இங்கே என்னைப் போன்றவர்களுக்குப் பிள்ளைகள்தான் நாக்கு. வங்கியானாலும் மருத்துவமனையானாலும் பள்ளிச் சீருடையோடு நம் பக்கத்தில் நின்று பேசித் தருவார்கள். தாரிணி எட்டு வயதிலிருந்து எனக்குப் பேசித் தருகிறாள். இப்போது கல்லூரி. தமிழ் படிக்க அவளுக்கு நேரமாகும், பேச்சில் பாதி ஆங்கிலம். ஆனால் அப்பா கூப்பிட்டால் வருவாள். என்ன விஷயம் என்று முழுதாகச் சொல்லாமலே கூட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லோரும் புவான் என்று கூப்பிட்டார்கள், நம் அம்மா என்பது போல. பொறுமையானவர். ஸ்டெல்லா அக்கா சில புகைப்படங்களை மேசையில் வைத்து நிதானமாகப் பேசினார். அவர் பேசப் பேசப் புவான் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கட்டடத்தை மரபுத் துறை வந்து பார்க்கும்வரை இடிக்க அனுமதிக்கக்கூடாது என்பதுதான் அக்கா கேட்டது. தாரிணி எனக்கு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அவளுக்கே முழு விஷயமும் புரிந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

புவான் எங்கள் பக்கம் திரும்பி நான் யார் என்று கேட்டார். சுப்பையா அண்ணன் முந்திக்கொண்டு, "பாக்கார், புவான். டாரி இந்தியா" என்றார். பாக்கார் என்றால் நிபுணர், டாரி என்றால் அங்கிருந்து வந்தவர். எனக்கு அந்த வார்த்தை தெரியும். நான் நிபுணனில்லை என்று சொல்ல மலாய்கூட வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். ஆட்டவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு பேசினேன். தமிழில், நன்றாகவே பேசினேன். எங்கள் ஊரில் ஆயிரம் வருஷத்துக் கோவில்கள் இருக்கின்றன, கல்வெட்டுகள் இருக்கின்றன, அவற்றைத்தான் அரசாங்கம் பாதுகாக்கிறது. இதில் ஆகமம் இல்லை, சிற்பம் இல்லை. இது தண்டவாளத்தின் மேல் ஓடு போட்ட கொட்டகை. கட்டியவர்கள் வேறு வழியில்லாமல் கட்டினார்கள். கையில் வசதி இருந்திருந்தால் அவர்களே இடித்திருப்பார்கள். இதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

புவான் தாரிணியைப் பார்த்தார். பிறகு அவள் ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை, மெருகேற்றவும் இல்லை. கொட்டகை வந்த இடத்தில் "பொண்டோக்" என்றாள், அதுவும் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். ரோட்டோரத்தில் பழம் விற்கிறவன் போட்டுக்கொள்கிற குடிசையை அப்படிச் சொல்வார்கள். முடித்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே மலாயில் இன்னும் ஒரு வரி சொன்னாள். இது என் அப்பா சொன்னது, நான் சொன்னது இல்லை.

புவான் பேனாவை ஒரு கணம் நிறுத்திவிட்டு மீண்டும் எழுதினார்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா அக்கா என்னிடம் வரவில்லை. தாரிணியின் தோளைத் தட்டி, "நல்லா மலாய் பேசுறம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

5

காரில் தாரிணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீடு இருக்கிற பூச்சோங் வருவதற்கு முன்னால் கேட்டாள்.

"நான் தமிழ் எழுதப் படிச்சது அந்த ஹால்லதானே? சண்டே கிளாஸ். ஸ்டெல்லா ஆன்டிதான் ஃப்ரீயா சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியும் இல்லப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அப்பிடிச் சொன்னீங்க?"

"அது வேற விஷயம்மா."

"உங்க ஊர்ல தௌசண்ட் இயர்ஸ் இருக்கு. எங்களுக்கு எங்க இருக்குப்பா? எங்களுக்கு இருக்கறதே அவ்ளோதான். அதையும் பொண்டோக்னு என் வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே பேசித் தரச் சொல்லி என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

சில வாரங்களில் சுப்பையா அண்ணன் போன் செய்தார். "லூலுஸ் ஆயிருச்சு லா, இன்ஜினியரே. பெர்மிட் கெடச்சிருச்சு. இந்தியாவுலேர்ந்து வந்த நிபுணரே மதிப்பு இல்லன்னு சொல்லிட்டாருன்னு எழுதித்தான் ஸ்டெல்லாவோட மனுவத் தள்ளியிருக்காங்க. எல்லாம் உங்க பேச்சுதான்." அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். சரிண்ணே என்று போனை வைத்தேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் நகராட்சிக்குப் போனேன். நான் சொன்னதைத் திரும்பப் பெற முடியுமா என்று என் உடைந்த மலாயில் கேட்டேன். புவான் சிரிக்கவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். கொடுத்த அனுமதியை ஒருவர் மனம் மாறியதற்காக ரத்து செய்ய முடியாது. ஆனால் மரபுத் துறைக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆபத்தில் இருக்கிற கட்டடம் என்று அவர்களுக்குப் பட்டால், வந்து பார்த்து முடிவெடுக்கும்வரை தற்காலிகமாகத் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. "நீங்களே எழுதுங்கள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்குத்தான் பலம் அதிகம்" என்றார்.

ஆக, கதவு மூடவில்லை. திறக்கச் சாவியையும் என் கையிலேயே கொடுத்தார்கள். எழுத உட்கார்ந்தால் சுப்பையா அண்ணன் முகம் வரும். எனக்கு வருகிற வேலைகளில் பாதி அவர் சொல்லி வருபவை. கோவிலுக்கு எதிராக எழுதினவன் என்று ஊர் முழுக்கப் பேர் வரும். வசந்தியின் அண்ணன்கள் இருவரும் குழுவில் இருக்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக நினைத்து நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வேலை தொடங்க மாதக்கணக்கில் ஆகும் என்ற தைரியத்தில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நம் முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது. குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் சொல்லிவிட்டார். அம்மனைத் தற்காலிகச் சந்நிதிக்கு மாற்றிய கையோடு, அந்த நல்ல நேரத்துக்குள்ளேயே முதல் ஓட்டைக் கழற்ற வேண்டுமாம். தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். கழற்ற ஆரம்பித்த இடத்தில் நான் சுப்பையா அண்ணன் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றேன்.

ஓடும் மரமும் சீக்கிரம் இறங்கிவிட்டன. தண்டவாளங்கள்தான் வர மறுத்தன. இயந்திரம் வைத்து இழுக்க வேண்டியிருந்தது. ஜன்னல்களை லோரியில் ஏற்றும்போது ஸ்டெல்லா அக்கா வெளியே வந்து, ஒன்றே ஒன்று தர முடியுமா என்று வேலையாட்களிடம் கேட்டார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். குடுங்க என்றேன். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தேங்க்ஸ் தம்பி" என்றார். அவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால் நான் இன்றைக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

அன்று மாலை வசந்தி கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

6

கோபுரம் எழும்பிவிட்டது. குறை சொல்ல முடியாத வேலை. வண்ணமும் நன்றாக வந்திருக்கிறது. அடுத்த மாதம் கும்பாபிஷேகம். தாரிணி வரமாட்டேன் என்றுவிட்டாள். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, எங்கே போகிறாய் என்று கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. போன வாரம் பல் மருத்துவரிடம் நான் சைகையிலேயே சமாளித்தேன். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவில் வாசலில் பதிக்கிற கல்லில் யார் யார் பெயர் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சுப்பையா அண்ணன் வீட்டுக்கு வந்தார். திருப்பணி ஆலோசகர் என்று போட்டு என் பெயரைச் சேர்த்திருந்தார்.

"என் பேரு வேண்டாம்ண்ணே."

"ஏன்?"

"எனக்கு அந்தத் தகுதி இல்லண்ணே. உண்மையாவே இல்ல."

இன்னும் ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. அந்த மண்டபத்தை இடித்தது தப்பு, நான் சொன்னது பொய் என்று. நாக்கு நுனிவரை வந்தது. வசந்தி காபியோடு வந்து நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காபியை வாங்கிக்கொண்டேன்.

சுப்பையா அண்ணன் கண் கலங்கிவிட்டது. வசந்தியைப் பார்த்துச் சொன்னார். "பாத்தியாம்மா? இவ்ளோ செஞ்சிட்டுப் பேரு வேணாங்குறாரு. மனுசன்னா இப்பிடி இருக்கணும் லா." வசந்தி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நேற்று கல் வந்து இறங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த கருங்கல், நான் சொன்ன மாதிரியே. மற்றவர்கள் பெயர்களெல்லாம் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கின்றன. என் பெயரைத் தனியாக மேலே, பெரிதாக, ஆழமாக வெட்டித் தங்க வண்ணம் பூசியிருக்கிறார்கள். என் அடக்கத்துக்கு அண்ணன் செய்த மரியாதையாம். நல்ல கல், நல்ல வெட்டு, சீக்கிரம் அழியாது. ஒரு காலத்தில் இந்தக் கான்கிரீட்டும் பழசாகும். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இது வேண்டும் என்று எழுதிப்போடுவார், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், பட்டியலில் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு தாரிணியின் பேரப்பிள்ளைகள் யாராவது வந்து அந்தப் பெயரைச் சுரண்டி எடுக்க நினைத்தாலும், சட்டம் விடாது.